மலையேற வழிகாட்டுவோர்



கொழும்பு மாநகர் கடலை நோக்கி அமர்ந்த நகரம். வெள்ளவத்தையிலே வாழ்வோர் காலி வீதியைக் கடந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் புகையிரதப் பாதை. அதற்கப்பால் அலையின் அறைதலைத் தாங்குவதற்கெனக் கொட்டப்பட்ட பாறைகள். அதற்கும் அப்பால் கடல். கொட்டாஞ்சேனையில் வாழ்வோருக்குத் துறைமுகம் அண்மையில் உண்டு. கருங்கல்லின் எழிலைக் காண வேண்டுமாயின் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துத் தூண்களிலே காணலாம். மலை என்பது இவ்விரு பகுதியினருக்கும் விடுமுறைக் காலத்துச் சொல். ஆயினும் மழை கழுவிவிட்ட வானம் தெளிந்திருக்கும் ஒரு சில விடியற்காலைகளில், நகரத்தின் உயர்ந்த கட்டடமொன்றின் மேல் நின்று கிழக்கே நோக்குவோர்க்குச் சிவனொளிபாதமலையின் கூர்முடி நீல நிழலாகத் தோன்றுவதுண்டு. அந்த மலைப்பக்கத்தில் ஊறும் நீரே களனி கங்கையாகப் பெருகி, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, மட்டக்குளியின் அருகில் கடலோடு கலக்கின்றது. ஆகவே மலைக்கும் கொழும்புக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மலையேறுவதை ஒரு தொழிலாகக் கொண்டு வாழ்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். பொழுதுபோக்கிற்காக ஏறுவோர் வேறு; புகழுக்காக ஏறுவோர் வேறு. பிறர் ஏறுவதற்குத் துணையாகத் தாம் முன்னே ஏறி, கயிறு கட்டி, வழி சொல்லி, அவர்களை உயிரோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதையே சீவனோபாயமாகக் கொண்டவர்கள் இவ்விரு சாராரிலும் வேறானவர்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

வழிகாட்டி என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக அமைத்துக்கொண்ட மொழி தமிழ் மொழி. ஆற்றுப்படை என்பதன் பொருளே வழிப்படுத்துதல்தான். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், நன்னன் என்னும் குறுநில மன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு வழி கூறுகின்றது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டைப் புலவர் பெருங்கௌசிகனார் பாடினார். மலையின் அழகை வருணித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த வழியின் ஆபத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றார். பன்றிகளைப் பிடிப்பதற்காகப் புழைதோறும் கற்பொறிகள் வைத்திருப்பார்கள். ஆகவே இரவில் நடவாது, தங்கியிருந்து, விடிந்த பின்பு செல்லுங்கள் என்கின்றார். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். மரங்களை மறைவாகக் கொண்டு நடவுங்கள் என்கின்றார். விழுந்தாரை மறைத்துவிடும் ஆழமான குளங்களின் கரையில், கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுங்கள் என்கின்றார். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் சிறு மூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக் கடவுங்கள் என்கின்றார்.

நேயர்கள் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும். நேரம் பார்த்துப் புறப்படுதல், மேலிருந்து விழும் கல்லுக்கு மறைவு தேடுதல், பற்றுக்கோடின்றி நீர்க்கரையில் நடவாமை, ஈரப்பாறையில் பிடிதேடுதல், கூட்டத்தில் வலிமை குறைந்தவரை நடுவில் வைத்துக் காத்தல் — இன்றைய மலை வழிகாட்டி தம்மிடம் வருவோருக்கு முதல் நாள் காலையில் சொல்லிக்கொடுக்கும் பாடமும் ஏறத்தாழ இதுவேயாகும்.

சங்ககால மலைவாணரிடம் ஏறுதல் ஒரு தொழிலாகவும் இருந்தது. உயர்ந்த பாறைகளில் தூங்கும் தேன்கூடுகளை எடுப்பதற்கு அவர்கள் அமைத்த மூங்கிலேணிக்கு மால்பு என்று பெயர். குறுந்தொகைப் பாடலொன்றிலே, பழைய மால்பு என்று அறியாமல் அதில் ஏறிவிட்ட பேதை ஒருவன் உவமையாக வருகின்றான். அகப்பொருளைச் சொல்ல வந்த பாட்டு அது. எனினும் ஏறுந் தொழிலின் முதல் விதி அதற்குள் அடங்கியிருக்கின்றது. உயிரைத் தாங்கப்போகும் பொருளை ஆராயாது அதில் உடல் நிறையை வைக்கலாகாது. இன்று நைலோன் கயிறாயினும், இடுப்புப் பட்டையாயினும், உலோகக் கொளுக்கியாயினும், நல்ல வழிகாட்டி ஒருவர் ஒவ்வொரு நாளும் அவற்றைத் தடவிப் பார்த்து, ஐயம் தோன்றியதை ஒதுக்கிவிடுகின்றார். விலை அதிகம் என்று பழையதை வைத்திருப்பவர் அந்த உவமையில் வரும் பேதையே ஆவார்.

ஈழநாட்டு வேடரும் தேனுக்காகக் குன்றுகளில் இறங்கியவர்கள். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த வேடரைப் பற்றிய தம் நூலில் செலிக்மன் தம்பதியர், காட்டுக்கொடிகளால் முறுக்கிய ஏணிகளைப் பாறையுச்சியிலிருந்து தொங்கவிட்டு அவர்கள் இறங்கும் முறையையும், புகையினால் பெருந்தேனீக்களை விரட்டும் முறையையும் குறித்துள்ளனர். நீலகிரிக் குறும்பர் முதலிய தென்னிந்திய மலைவாணரிடையே ஒரு வழக்கம் சொல்லப்படுகின்றது. தேனெடுக்க ஒருவன் கொடியைப் பற்றி இறங்கும்போது, மேலே அக்கொடியைக் காத்து நிற்பவன் அவனுடைய மைத்துனனாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தானாக, இருக்க வேண்டுமாம். தன் சகோதரி கைம்பெண்ணாவதை எந்தச் சகோதரன் விரும்புவான்? கயிற்றின் ஒரு முனையில் தொங்குபவனின் உயிர், மறுமுனையைப் பிடித்திருப்பவனின் நெஞ்சிலே இருக்கின்றது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. பாறையேறுவோர் இன்று சங்கங்களிலும் பயிற்சிக்கூடங்களிலும் கற்கும் முதற்கலையும் கயிறு காத்தலே. ஏறுதல் அதன் பின்னரே வருகின்றது.

இலங்கையின் பாறைகளில் தமிழர் கைவரிசை ஒன்றும் பதிந்திருக்கின்றது. சிகிரியாக் குன்று சூழவுள்ள நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 180 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அதன் உச்சியில் மாளிகை அமைத்தான். காலப்போக்கில் படிகள் அழிந்து, உச்சிக்குச் செல்லும் வழி தூர்ந்துபோயிற்று. 1853ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இருவர் துணிந்து ஏறி உச்சியை அடைந்தனர். எனினும் குன்றின் இடைப்புறத்தில் குடைவுக்குள் இருக்கும் வண்ண ஓவியங்களை எட்டுவதற்கு வழியில்லாதிருந்தது. 1889ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த அலிக் மறே என்பவர் அவற்றைப் பிரதி செய்ய முற்பட்டார். அயற்கிராமத்தவர் பாறையில் உறையும் தீய சக்திகளுக்கு அஞ்சி வரமறுத்தனர். அவர் தமிழ்க் கற்றச்சர்களை வருவித்தார். செங்குத்தான பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளையிட்டு, இரும்புக் கம்பிகளைச் செருகி, சீமெந்து பூசி, தாம் நாட்டிய கம்பியின் மேலேயே தாம் நின்று, அடுத்த கம்பியை நாட்டி அவர்கள் மேலே சென்றனர். மெலிந்த உடலும் இலகுவான கைகால்களும் உடைய ஒருவனே இறுதிப் பகுதிக்குத் தகுதியானவனாக இருந்தான். அவனும் மூன்று நாள் விரதமிருந்து தன் தெய்வத்தை வழிபட்ட பின்பே மேலே செல்வேன் என்றான்.

அந்த ஓவியங்களைப் பிரதி செய்தவரின் பெயர் நூல்களில் உண்டு. அவர் ஏறிச் செல்வதற்கு வழி சமைத்தவனின் பெயர் எங்கும் இல்லை. இது அன்றைக்கும் அந்த இடத்துக்கும் மாத்திரம் உரிய குறை அன்று. ஏற வழிசெய்வோரின் வரலாறு முழுவதும் இந்தக் குறையின் நிழல் படிந்தே கிடக்கின்றது.

மேனாட்டில் இத்தொழில் எவ்வாறு அமைப்புப் பெற்றது என்பதையும் காண்போம். பிரான்சு நாட்டில் சாமோனி என்ற மலைச்சிற்றூர் உண்டு. அதன் மேலே ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரமுள்ள மோன் பிளாங் சிகரம் நிற்கின்றது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் திகதி அவ்வூர் வைத்தியர் பக்கார் என்பவரும் பால்மா என்பவரும் அதன் உச்சியை முதன்முறையாக அடைந்தனர். அதன்பின் செல்வர்களும் விஞ்ஞானிகளும் அங்கு வரலாயினர். அவ்வூர்க் குடியானவர்கள் வழிகாட்டிகளாயினர். 1820ஆம் ஆண்டில் ஹமெல் என்னும் விஞ்ஞானி ஒரு குழுவுடன் வந்தார். வானிலை நன்றாக இல்லை, திரும்புவோம் என்று வழிகாட்டிகள் தயங்கினர். அவர் மேலே செல்ல வேண்டுமென்று நின்றார். பனிச்சரிவு வந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் புதையுண்டு இறந்தனர். கூலி கொடுத்தவர் உயிர் தப்பினார்.

அந்தத் துயரிலிருந்து ஓர் அமைப்புப் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1821இல், சாமோனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். வேலை ஒருவருக்கே சென்றுவிடாமல் முறைவைத்துப் பகிர்தல், கூலிக்கு ஒழுங்கு, விபத்துக்குள்ளானோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உதவும் நிதி ஆகியவை அதன் நோக்கங்கள். அச்சங்கம் இன்றுவரை நிலைபெற்றிருக்கின்றது. ஒரு தொழில் மதிப்புப் பெறுவது அதைச் செய்பவரின் துணிவினால் மாத்திரம் அன்று. விழுந்தவனின் வீட்டில் அடுப்பு எரிவதற்கு வகைசெய்யும் ஒழுங்கினாலுந்தான் என்பதை அந்த மலைக்குடியானவர்கள் கண்டுகொண்டனர்.

1865ஆம் ஆண்டு யூலை 14ஆம் திகதி மட்டர்ஹோர்ன் சிகரத்தில் நிகழ்ந்தது வேறொரு பாடம். எட்வர்ட் விம்பர் தலைமையில் எழுவர் அச்சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். இறங்கும்போது, மலைப்பழக்கம் குறைந்த இளைஞர் ஒருவர் கால் சறுக்கினார். அவர் மோதியதில் முன்னே நின்ற மிசேல் குரோ என்னும் வழிகாட்டி வீழ்ந்தார். கயிற்றில் பிணைந்திருந்த மேலும் இருவர் இழுபட்டனர். இடையில் கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர்; விம்பரும் வழிகாட்டிகளான தந்தையும் மகனுமாகிய தௌக்வால்டர் இருவரும் எஞ்சினர். அறுந்த கயிறு அங்கிருந்தவற்றுள் வலிமை குறைந்தது என்று பின்னர் நடந்த விசாரணையில் பேசப்பட்டது. முதிய தௌக்வால்டர்மீது ஊரவர் சிலர் கொண்ட ஐயம் அவருடைய வாழ்நாளைக் கசப்பாக்கிற்று. அக்காலத்துச் சணற்கயிறு நீளாது. திடீரென விழும் உடலின் வேகத்தைத் தாங்காது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பரவிய நைலோன் கயிறு ஓரளவு நீண்டுகொடுத்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்வதனால் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றது. ஆயினும், மலைப்பழக்கம் இல்லாதவரை எவ்வளவு உயரத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்ற கேள்விக்கு எந்தத் தொழிற்சாலையிலும் விடை செய்யப்படுவதில்லை. அதை வழிகாட்டியே சொல்ல வேண்டும்.

இமயமலைக்கு வருவோம். அங்கே மலையேறுவோருக்குத் தோள்கொடுத்தவர்கள் ஷெர்ப்பா இனத்தவர். 1922ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்துக்கு வந்த பிரித்தானியக் குழுவின் மூன்றாம் முயற்சியில் பனிச்சரிவு வீழ்ந்து சுமையாளர் எழுவர் மாண்டனர். 1935ஆம் ஆண்டில் சுமையாளாக அம்மலைக்கு முதன்முறை வந்த டென்சிங் நோர்கே, 1953ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி எட்மண்ட் ஹில்லரியோடு உச்சியில் நின்றார். அதற்கடுத்த ஆண்டில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிலையம் நிறுவப்பட்டது. அதன் களப்பயிற்சிப் பொறுப்பு டென்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமை தூக்கியவர் ஆசிரியரானார். மலைத்தொழிலின் வரலாற்றில் சிகரத்தை அடைந்ததற்குச் சற்றும் குறையாத நிகழ்ச்சி இதுவாகும்.

ஆயினும் பெரும்பாலான ஷெர்ப்பாக்களின் நிலை எளிதில் மாறிவிடவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆம் திகதி, எவரெஸ்டின் அடிப்புறத்துக் கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியில், வருவோருக்காகப் பாதை அமைத்தும் சுமை கொண்டுசென்றும் நின்ற நேபாளத் தொழிலாளர் 16 பேர் பனிச்சரிவில் இறந்தனர். இறந்தோரின் குடும்பத்துக்கு அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஈமச்செலவுக்கென்று சொல்லப்பட்ட அந்தச் சிறு தொகை ஷெர்ப்பாக்களின் உள்ளத்தைச் சுட்டது. ஒரு சிகரத்துக்காகப் பல்லாயிரக்கணக்கான டொலர் செலுத்தி வருவோர் இருக்க, பாதையை அமைப்பவனின் உயிருக்கு விலை இதுதானா என்று அவர்கள் வினவினர். அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தனர். பெரும்பாலான குழுக்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பின. காப்புறுதித் தொகையை உயர்த்துவது பற்றிய பேச்சு அதன் பின்னரே வலுப்பெற்றது.

அந்த மலைக்கு இலங்கையிலிருந்து சென்றவர்களும் உண்டு. கொழும்பைச் சேர்ந்த ஜயந்தி குரு உதும்பால, 2016ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அங்கு நின்ற முதல் இலங்கையரானார். பெண்ணுரிமைப் பணியில் ஈடுபட்டவர் அவர். டார்ஜிலிங் நிலையத்தில் மலையேற்றம் பயின்றவர். அவரோடு சென்ற ஜொஹான் பீரிஸ் சிகை அலங்காரக் கலைஞர். உச்சிக்கு இன்னும் சுமார் 400 மீட்டரே எஞ்சியிருக்க, ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், பிராணவாயுக் கருவியில் ஏற்பட்ட இடையூற்றால் அவர் திரும்ப நேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர் மீண்டும் சென்று உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டு விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே சிகரத்தை அடைந்து, அந்த மாநிலத்திலிருந்து அங்குச் சென்ற முதற்பெண் என்ற சிறப்பைப் பெற்றார்.

இந்த வெற்றிகளுக்குள்ளே நேயர்கள் மறவாது மனங்கொள்ள வேண்டியது அந்த 400 மீட்டர். கடல் மட்டத்தில் அது வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து ஓர் ஒழுங்கையின் முடிவுவரை நடக்கும் தூரம். ஐந்தாறு நிமிட வேலை. அந்த உயரத்திலோ அது பல மணிநேரத்துப் போராட்டம். உச்சி கண்ணுக்குத் தெரிய, திரட்டிய பணமும் பயின்ற ஆண்டுகளும் நெஞ்சில் நிற்க, காலைத் திருப்புதல் எளிதன்று. 2016இல் திரும்பியவரே 2018இல் ஏறினார். திரும்பியிராவிடின் 2018 என்ற ஆண்டு அவருக்கு வாய்த்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. 1996ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, கட்டணம் பெற்று ஆட்களை அழைத்துச் சென்ற இரு குழுக்கள் எவரெஸ்டில் ஏறின. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதவர் எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது சொல்லப்பட்டிருந்த நெறி. அன்று அந்த நெறி நெகிழ்ந்தது. மாலையில் புயல் எழுந்தது. எட்டுப் பேர் மாண்டனர். குழுத்தலைவர்களான ரொப் ஹோல், ஸ்கொட் பிஷர் இருவரும் அவர்களுள் அடங்குவர். ரொப் ஹோல், தளர்ந்துபோன தம்முடைய வாடிக்கையாளரை விட்டு இறங்காமல் மேலேயே நின்று உயிர் நீத்தார். அவருடைய கடமையுணர்ச்சி போற்றத்தக்கது. ஆனால் அந்தக் கடமையைச் செய்ய வேண்டிய வேளை மாலைப்பொழுது அன்று. கடிகாரம் 2 மணியைக் காட்டிய வேளையே அது. பணம் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து "இனிப் போகலாகாது" என்று சொல்லுதல், பனியில் அவரோடு மாய்வதிலும் கடினமான துணிவு போலும்.

இனி, இத்தொழிலை மேற்கொள்வோரின் அன்றாட வாழ்க்கையைப் பார்ப்போம். அது செய்தித்தாளில் வரும் படத்தைப் போன்றதன்று. விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்க்க வேண்டும். கயிறு, பட்டை, கொளுக்கி, தலைக்கவசம் ஆகியவற்றை எண்ணிச் சோதிக்க வேண்டும். வருவோரின் காலணி முதல் இருதய நோய்வரை விசாரிக்க வேண்டும். முடிச்சு ஒவ்வொன்றையும் போட்டவர் ஒருமுறையும் மற்றவர் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பாறையில் இருகைகளும் இருகால்களுமாகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பதிந்திருக்க, ஒன்றே அசைய வேண்டும் என்பதை அஞ்சி நடுங்கும் ஒருவருக்குப் பொறுமையோடு நூறு முறை சொல்ல வேண்டும். தமக்கு நூறாவது முறையாகிவிட்ட குன்றை, வந்தவருக்கு முதல்முறை என்பதை மறவாமல் ஏறிக்காட்ட வேண்டும்.

இலங்கையின் மலைகளுக்கே உரிய இடையூறுகளும் உண்டு. இங்கே பனிச்சரிவு இல்லை, மழை உண்டு. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் பாறையெங்கும் பாசி பிடித்து வழுக்கும். ஈரக்காட்டில் அட்டைகள் காலைப் பற்றும். குன்றுகளின் முகத்தில் தொங்கும் மலைத்தேனீக்கள் ஓசைக்கும் புகைக்கும் வெகுண்டெழுந்து கூட்டமாகக் கொட்டும். சிகிரியாவில் யாத்திரீகர் பலர் அவற்றுக்கு ஆளானதுண்டு. மேலும் இந்நாட்டில் பல குன்றுகள் தொல்பொருட் சின்னங்கள், பல வழிபாட்டிடங்கள். கண்ட பாறையிலெல்லாம் இரும்பு ஆணி அறைவது அறமுமன்று, சட்டமுமன்று. எங்கே ஏறலாகாது என்பதை அறிந்திருத்தலும் வழிகாட்டியின் கல்வியில் ஒரு பகுதி.

வருமானமோ பருவத்தைப் பொறுத்தது. சிவனொளிபாதமலை யாத்திரை மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணைவரை நடக்கும். மற்றைய மாதங்களில் அந்த வழி ஓய்ந்து கிடக்கும். பிற இடங்களிலும் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்கள் சில. வராத மாதங்கள் சில. 2019ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புக்களும், அதனையடுத்து வந்த நோய்த்தொற்றும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இத்தொழிலை நம்பியிருந்தோரை ஆண்டுக்கணக்கில் வருமானமின்றி இருத்தின. உடலே மூலதனம், விரல் நரம்பு ஒன்று அறுந்தால் அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. வயது ஏறும்போது ஏறுதல் குறையும். ஆதலால் அறிவாளியான வழிகாட்டி இளமையிலேயே மற்றொன்றையும் கற்கின்றார்: முதலுதவி, மொழிகள், மரஞ்செடி பறவைகளைப் பற்றிய அறிவு, பயிற்றுவிக்கும் ஆற்றல். ஏறும் கால் ஓய்ந்த பின்னும் கற்பிக்கும் நா ஓயாது.

இத்தொழிலுக்கு இந்நாட்டில் இடம் விரிந்துவருகின்றது என்பதில் ஐயமில்லை. கித்துல்கலையில் களனியாற்றின் விரைநீரில் படகு செலுத்துவோரைக் காணலாம். தும்பறை மலைத்தொடரில் காட்டுவழி நடப்போரைக் காணலாம். அண்மை ஆண்டுகளில் கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடாக நுவரெலியாவரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமான நடைபாதையொன்று, 22 பகுதிகளாக வகுக்கப்பட்டு, பெக்கோ என்னும் தேயிலை வகையின் பெயரால் வழங்குகின்றது. அதிலே பெரும்பகுதி முன்னாளில் தோட்டத் தொழிலாளரும் தேயிலை வண்டிகளும் நடந்த பாதை. அப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் நீரோடையையும் அறிந்தவர்கள் அத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களே. கொழுந்துக் கூடையையும் உரமூட்டையையும் அவ்வழியே சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இனி அவ்வழியே வரும் பயணியின் மூட்டையை மாத்திரம் சுமப்பார்களா, அல்லது பயிற்சியும் சான்றிதழும் காப்புறுதியும் பெற்று அவரை வழிநடத்துவார்களா? டார்ஜிலிங்கில் சுமையாள் ஆசிரியரானார். அது தானாக நிகழவில்லை. ஒரு நிலையம் அமைக்கப்பட்டதனால் நிகழ்ந்தது.

கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பெற்றோருக்கு இவ்விடயத்தில் ஒரு தயக்கம் தோன்றுவது இயல்பே. மகன் வைத்தியனாக வேண்டும், மகள் கணக்காளராக வேண்டும் என்று எண்ணியிருக்கும் வீட்டில், பிள்ளை வந்து "பாறையேறப் போகிறேன்" என்றால் தாய் திடுக்கிடுவாள், தந்தை கோபிப்பார். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. சாமோனியிலும் கும்புவிலும் மாண்டவர்கள் மெய்யாகவே மாண்டார்கள். ஆனால் அச்சத்துக்கு மறுமொழி தடையன்று, கேள்வியே. எங்கே பயிலப் போகிறாய்? உன்னைப் பயிற்றுவிப்பவர் யார்? அவருடைய சான்று என்ன? கயிறு எத்தனை ஆண்டுப் பழையது? காப்புறுதி உண்டா? வானம் கறுத்தால் யார் சொல்லித் திரும்புவீர்கள்? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை சொல்லக்கூடிய பிள்ளை, ஏறத்தாழ அத்தொழிலுக்குத் தகுதி பெற்றுவிட்ட பிள்ளை. விடை சொல்ல இயலாதாயின், அப்பிள்ளை ஏறப் போவது பழைய மால்பிலேயாகும்.

மலைக்குச் செல்வோரும் தம் பங்குக்குச் செய்யவேண்டிய கடமைகள் உண்டு. விடுமுறையில் நண்பர் குழுவாகப் பேருந்து பிடித்துச் சென்று, வழி தெரியாக் குன்றில் பிற்பகலில் ஏறத் தொடங்கி, இருட்டில் அகப்பட்டுக்கொள்ளும் வழக்கம் விடப்பட வேண்டும். உள்ளூரில் வழி அறிந்த ஒருவரை அழைத்துக்கொள்வது செலவாகத் தோன்றலாம். அவருக்கு நியாயமான கூலியைக் கொடுப்பது பெருங்கொடையும் அன்று. அவர் "திரும்புவோம்" என்றால் திரும்புதல் வேண்டும். கீழே வந்த பின் எடுக்கும் நிழற்படத்தில் அவரையும் நிறுத்துதல் வேண்டும்; ஊரிலே கதை சொல்லும்போது அவருடைய பெயரையும் சொல்லுதல் வேண்டும். சிகிரியாப் பாறையில் விரதமிருந்து ஏறிய அந்தத் தமிழ்க் கற்றச்சனின் பெயரை இனி யாராலும் மீட்டுத் தர இயலாது. இன்று கயிற்றின் மறுமுனையில் நிற்பவரின் பெயரைக் கேட்டறிந்துகொள்வது எவருக்கும் இயலும்.